அழுகையும் மருட்கையும்

தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தைப் பற்றி மாணவர்க்குச் சொல்லப் புகும்போது, வீரமாமுனிவரில் தொடங்கி எச். ஏ. கிருட்டிணப் பிள்ளையில் முடித்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இருவரும் பெரும்புலவர், அதில் ஐயமில்லை. எனினும் இவ்விலக்கியத்தில் ஒரு பெரும்பகுதி, தனியொருவர் ஏட்டைக் கையில் வைத்துப் படிப்பதற்காகத் தோன்றியதன்று. ஒரு சபை கூடி, நின்றும் முழந்தாளிட்டும், செவியால் ஏற்பதற்காகத் தோன்றியது. ஆண்டுதோறும் குறித்த நாளில், குறித்த பொழுதில், குறித்த இசையில் ஓதப்பெறும் நூலை, அந்நாளையும் அவ்விசையையும் நீக்கிவிட்டுத் திறனாய்வது, கூத்து நூலை அரங்கம் இன்றி மதிப்பிடுவது போன்றதாகும். ஆகவே தவக்காலத்தையும் உயிர்ப்புப் பெருவிழாவையும் அளவுகோலாகக் கொண்டு இந்நூல்களை ஈண்டு நோக்குவோம். அவ்வாறு நோக்குங்கால் ஓர் உண்மை கண்ணிற் படுகிறது. பெரிய வெள்ளிக்குத் தமிழ் அழுகையை அள்ளிக் கொடுத்திருக்கிறது. உயிர்த்த ஞாயிற்றுக்கு உரிய மெய்ப்பாட்டை இன்னும் கொடுக்கவில்லை.

திருநீற்றுப் புதனில் தொடங்கி, ஞாயிறுகள் நீங்கலாக நாற்பது நாள்கள் நடைபெறுவது தவக்காலம். திருநீறு என்னும் சைவச் சொல்லைக் கத்தோலிக்கர் தயக்கமின்றி எடுத்துக்கொண்டனர். புரோட்டஸ்டண்டு சபையார் சாம்பற்புதன் என்பர். இக்காலத்தை லெந்து நாள்கள் என்பர். ஒரு சாரார்க்குச் சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகள். மறு சாரார்க்குப் பெரிய வெள்ளியன்று சிலுவை மொழிகள் ஏழையும் எடுத்து விரிக்கும் மும்மணி ஆராதனை. வழிபாட்டு முறை வேறாயினும் செல்லும் திசை ஒன்றே. நாற்பது நாளும் நெஞ்சைச் சிறிது சிறிதாக இளக்கி, வெள்ளி பிற்பகல் மூன்று மணிக்குக் கொண்டுவந்து நிறுத்துவதே அதன் நோக்கம்.

இவ்விளக்கத்திற்கு ஏற்ற உரைநடையைத் தமிழில் ஆக்கியவர்களுள் தலைசிறந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் (1676–1742). கோவாவிற் பிறந்த கொங்கணியர் இவர். 1705இல் இலங்கை சென்று, சிங்களமும் தமிழும் கற்று, இரு மொழியிலும் நூல் செய்தார். அந்நாளில் இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆண்ட டச்சுக்காரர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்திருந்தனர். குருமார் மிகச் சிலரே; அவர்களும் மறைந்து நடமாட வேண்டியிருந்தது. குருவானவர் வாராத ஊரில் மூப்பர் ஒருவர் எழுந்து நின்று ஓதவும், மக்கள் கேட்டு உருகவும் ஏற்ற நூல் தேவையாயிற்று. அத்தேவைக்கு விடையாக நின்றது வியாகுலப் பிரசங்கம். இயேசுவின் பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாக விரிப்பது அது. இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கர் தவக்காலத்தில் அதனை இன்றும் இசையோடு ஓதக் கேட்கலாம்.

பெயர் பிரசங்கம் என்றிருப்பதால் அதனை அறவுரை என்று கருதுவார் உளர். அது பொருந்தாது. அறவுரை கேட்போனை நோக்கிப் பேசும். இந்நூலோ கேட்போனையும் அருகில் அழைத்துக்கொண்டு இறந்தவனை நோக்கிப் புலம்புகிறது. விளிமேல் விளி அடுக்குவதும், விடை வேண்டாத வினாக்களை எழுப்புவதும், ஓதுவோன் மூச்சு வாங்கும் இடத்தில் சபையின் விம்மல் புகுவதற்கு இடம் விடுவதும் ஒப்பாரியின் இலக்கணம். சாவு வீட்டில் பெண்கள் கூடியழும் அம்முறையைத் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் அறியாதார் இல்லை. கொன்சால்வெஸ் அயல்மொழியாளராயினும் இவ்விசையைச் சரியாகக் கேட்டிருக்கிறார் என்றே சொல்ல வேண்டும். வடசொல் மிகுதியும் வாக்கிய நீளமும் கண்ணாற் படிப்பவனைச் சோர்வடையச் செய்யும். செவியிலோ அந்நீளம் சோர்வு தருவதில்லை. இழவு வீட்டில் வாக்கியம் முற்றுப்பெற வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. தமிழ் உரைநடை வரலாறு எழுதுவோர் பரமார்த்த குரு கதையோடு பதினெட்டாம் நூற்றாண்டைக் கடந்து செல்கின்றனர். நகைச்சுவைக்கு ஓர் உரைநடை தோன்றிய அதே காலத்தில் அவலச்சுவைக்கும் ஓர் உரைநடை தோன்றியது என்பதை நம் மாணவர்க்கு யார் சொல்லுவார்?

வீரமாமுனிவரும் இவ்வழியில் வந்தவரே. சிலுவையடியில் நின்ற தாயின் துயரை அன்னை அழுங்கல் அந்தாதியாகப் பாடினார். உயிர்த்தெழுதலைத் தேம்பாவணியின் இறுதிப் பகுதி தொடத்தான் செய்கிறது. ஆயினும் காப்பியம் புலவரவைக்கு உரியது, சபை வாய்விட்டுப் பாடுவதன்று. கிருட்டிணப் பிள்ளையின் நிலை இன்னும் தெளிவானது. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயண நூலைத் தழுவி 1894இல் அவர் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். பனியனில் இயேசுவின் பாடுகள் கதையாக விரியவில்லை. வழியில் ஒரு சிலுவை நிற்கிறது, அவ்வளவே. கிருட்டிணப் பிள்ளையோ குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் என ஒன்றை அமைத்து, இறுதி நாள் துன்பங்களை விரித்துப் பாடினார். மூலத்தில் இல்லாததைத் தழுவலில் ஏன் சேர்த்தார்? தமிழ்ச் சபை அதை எதிர்பார்த்தது என்பதே விடை. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலார் அந்நூலிலிருந்து பகுதி தேர்ந்தபோதும், கொடியோரால் இயேசு இகழப்படும் அப்பகுதியையே தேர்ந்தனர். மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களில் நம் கை தானாகவே அங்குச் செல்கிறது.

இவ்விடத்தில் ஒன்று சொல்லாமற் செல்லுதல் முறையன்று. புலம்பலுக்கு ஒரு கொலைஞன் வேண்டும். பாடுகளின் இலக்கியம் உலகெங்கும் அக்கொலைஞனை யூத இனம் முழுமையாகவே ஆக்கிவிட்டது. தமிழ் நூல்களும் இதற்கு விலக்கல்ல. அப்பழியை இனத்தின்மேற் சுமத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. பழைய நூல்களை வகுப்பறையில் எடுக்கும் ஆசிரியர் இதை எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர். சுவை மிகுதியால் நேர்ந்த குற்றமும் குற்றமே.

இனி உயிர்த்த ஞாயிறு. அந்நாளுக்குப் பாடல் இல்லை என்று நான் சொல்லவில்லை. கீர்த்தனை நூல்களிலும் பாமாலைகளிலும் நிரம்ப உண்டு. ஆனால் அவற்றைக் கூர்ந்து நோக்கினால் பெரும்பாலானவை ஒரே சொல்லைச் சுற்றி வருவது புலனாகும். ஜெயம் என்பதே அச்சொல். சாவு தோற்றது, பகைவர் ஓடினர், கல்லறை வாயில் உடைந்தது, வேந்தன் வென்றான் என அணிவகுப்புத் தாளத்தில் அவை நடைபோடும். புறத்திணை பயின்றவர்க்கு இது வாகைத் திணை என்பது எளிதில் விளங்கும். முதல் நாள் வரை கையறுநிலை, மறுநாள் வாகை. இரண்டும் தமிழில் ஆயத்தமாக இருந்த அச்சுகள். பொருளை அவற்றுள் ஊற்றிவிட்டோம். முன்னது பொருளோடு பொருந்திற்று. பின்னது பொருந்தியதா என்பதே என் ஐயம்.

நற்செய்தி நூல்களைப் பாருங்கள். நான்கில் ஒன்றேனும் இயேசு உயிர்த்தெழுந்த அக்கணத்தை வருணிக்கவில்லை. கண்டவர் யாருமில்லை. வெறுமையான கல்லறை, மடித்து வைத்த துணி, விடியற்காலத்தில் நறுமணப் பொருளோடு சென்ற சில பெண்கள், இவ்வளவே உள்ளன. மாற்குவின் நூல் மிகப் பழைய ஏட்டுப் பிரதிகளில் அப்பெண்கள் அஞ்சி ஓடி, ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாதிருந்தனர் என்பதோடு நின்றுவிடுகிறது. யோவானின் நூலில் மகதலா மரியாள் எதிரே நிற்பவரைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறாள். தன் பெயரைச் சொல்லி அழைத்த குரலால் அறிகிறாள். இங்கே வெற்றி முழக்கம் எங்கே? படை எங்கே? ஒரு பெண், ஒரு தோட்டம், அரையிருள், ஒரு பெயர். வாகைப் பறையை இவ்விடத்தில் கொட்டினால் அந்தக் குரல் கேளாமற் போய்விடும்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். அழுகைக்கு உரிய நிலைக்களங்களுள் இழவு ஒன்று. பெரிய வெள்ளி அங்கே அமைகிறது. தறுகண் பெருமிதத்திற்கு உரியது. நம் ஜெயப் பாடல்கள் அங்கே சென்று அமர்ந்தன. மருட்கை என்னும் வியப்பைப் பற்றி அவர் கூறும் நான்கனுள் புதுமையும் ஆக்கமும் உண்டு. ஒன்று மற்றொன்றாய்த் திரிந்து ஆவதைக் கண்டு வியத்தலே ஆக்கம் என்பது உரையாசிரியர் கருத்து. உயிர்த்த ஞாயிறு முழுமையும் இச்சொல்லுள் அடங்கும். அறிந்த முகம் அறியாததாகி, மீண்டும் அறியப்படுகிறது. தமிழ்க் கிறித்தவப் புலவர்க்கு அழுகை தெரியும், பெருமிதம் தெரியும். மருட்கையின் பக்கம் அவர்கள் போதிய அளவு திரும்பவில்லை.

திரும்பியிருந்தால் தமிழில் துணை இல்லையா? நிரம்ப உண்டு. இருளில் தலைவனைத் தேடும் தலைவி அகத்திணைக்குப் புதியவள் அல்லள். மேலைத் திருச்சபையே மகதலா மரியாளின் திருநாளாகிய சூலை 22இல் உன்னதப் பாட்டிலிருந்து தலைவி தேடும் பகுதியை வாசிக்கிறது. இதனினும் நெருக்கமான ஒன்று உண்டு: திருப்பள்ளியெழுச்சி. விடியலில் கூடிச் சென்று உறங்கும் இறைவனைத் துயிலெழுப்பும் வடிவம் சைவத்திலும் வைணவத்திலும் தழைத்தது. கல்லறைக்குச் சென்ற பெண்களும் விடியலில் கூடித்தான் சென்றனர். ஆனால் எழுப்ப வேண்டியவர் முன்னமே எழுந்துவிட்டார். பள்ளியெழுச்சி வடிவத்தையே தலைகீழாக்கிக் காட்டும் இவ்வாய்ப்பை ஒரு புலவன் கண்டிருந்தால் என்ன அரிய நூல் விளைந்திருக்கும்! வைணவக் குடியிற் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற கிருட்டிணப் பிள்ளைக்கு மார்கழி விடியல் தெரியாததா? எனினும் உயிர்ப்பு வழிபாட்டில் அவ்வடிவம் நிலையான இடம் பெறவில்லை. தம் பழைய சமயத்தின் கோயில் வாயில்வரை செல்லும் வடிவத்தைக் கையாளப் புலவர் நாணினரோ, சபையார் ஒப்பமாட்டார் என அஞ்சினரோ, அறுதியிட்டுக் கூறுதல் கூடாது.

பனியனையே பாருங்கள். சிலுவையடியில் பயணியின் முதுகுச் சுமை அவிழ்ந்து உருண்டோடி, அருகிலிருந்த கல்லறையின் வாயில் விழுந்து மறைகிறது. சிலுவையும் கல்லறையும் ஒரே காட்சியில் நிற்கின்றன. பயணி அங்கே நின்று, சிலுவையைப் பார்த்த அளவில் சுமை இறங்கியதே என்று வியக்கிறான், வியந்து அழுகிறான், பிறகு துள்ளிக் குதிக்கிறான். அழுகையும் உவகையும் வியப்பின் இரு பக்கங்களாக வருகின்றன. இரண்டையும் இரு நாள்களுக்குப் பிரித்துக் கொடுக்க அவனுக்குத் தோன்றவில்லை.

நம் நாடுகளின் நிலையைச் சிறிது சொல்ல வேண்டும். மலாயாத் தோட்டங்களில் குருவானவர் வருகை அரிது. கொன்சால்வெஸ் காலத்து மூப்பரின் இடத்தில் இங்கு உபதேசியார் நின்று செபம் சொல்லிப் புலம்பல் பாடினார். சிங்கப்பூரில் பெரிய வெள்ளி பொது விடுமுறை. மலேசியாவில் சபா, சரவாக் மாநிலங்களில் மட்டுமே விடுமுறை. தீபகற்பத்தில் வேலைக்கு விடுப்பெடுத்து வருவோரும் வேலை முடிந்து மாலைச் சடங்கிற்கு ஓடிவருவோரும் பலர். அப்படியிருந்தும் அன்று ஆலயம் நிறைந்து வாயிலுக்கு வெளியேயும் மக்கள் நிற்பர். மறுநாள் இரவுத் திருவிழிப்பில் அக்கூட்டம் இல்லை. சோர்வு ஒரு காரணம், இரவு நேரம் ஒரு காரணம். ஆயினும் மக்களின் தாய்மொழி எங்கே அவர்களோடு முழுமையாகப் பேசிற்றோ அங்கே அவர்கள் திரள்கின்றனர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அத்திருவிழிப்பில் தமிழுக்கு ஒரு புதிய வாய்ப்பு வந்தது. வழிபாட்டில் மக்கள் மொழிகளுக்கு இடமளிக்கும் ஏட்டை வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4இல் வெளியிட்டது. அதன் பின்னரே பாஸ்காப் புகழுரை தமிழில் ஒலிக்கலாயிற்று. விளக்கெல்லாம் அணைந்த கோவிலில் ஒரு பெருந்திரி எரிய, ஒருவர் நின்று அந்த இரவையே விளித்துப் பாடுவது அது. இலத்தீன் மூலம், திரியின் மெழுகைத் தந்த தேனீயையும் மறவாமல் போற்றுகிறது. பகைவரை எண்ணிக் கொண்டிராமல் இரவையும் ஈயையும் நெருப்பையும் கண்டு வியக்கும் பாட்டு. மருட்கைக்கு இதைவிட ஏற்ற பொருள் கிடைப்பது அரிது. வியாகுலப் பிரசங்கத்தைப் போலவே இதையும் சபை பாடுவதில்லை, கேட்டு நிற்கிறது. ஆனால் புலம்பலை ஓதுவோர் பல நாள் முன்னரே குரலைப் பழக்குகின்றனர்; புகழுரையையோ சில ஆலயங்களில் அறிவிப்பைப் படிப்பதுபோல் படித்து முடித்துவிடுகின்றனர். இசையறிந்த தமிழாசிரியர் ஒருவர் அந்தத் தாளை ஒரு மாதம் முன்னதாகவே வாங்கி, எங்கே நீட்டுவது, எங்கே நிறுத்துவது, எச்சொல்லைத் தமிழாக்கம் மழுங்கச் செய்துள்ளது என்று பார்த்தாரானால், திரியை ஏந்தி நிற்பவர்களின் காதில் அந்த இரவு வேறாக ஒலிக்கும்.