அயர்லாந்து என்னும் உவமை

இராமாநுசர் பிறந்த ஊர் என்று நூற்றாண்டுகளாக அறியப்பட்டிருந்த ஸ்ரீபெரும்புதூர், 1991 மே 21 ஆம் நாள் இரவுக்குப் பின் வேறொரு காரணத்தால் உலகெங்கும் பெயர் பெற்றது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே அவ்வூருக்கு மூன்றாவது முகமொன்றும் வாய்த்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 இல் ஹுண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006 இல் நோக்கியா வந்தது. 2014 இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010 முதல் ரெனோ-நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு என ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. ஷிப்டு மாறும் வேளையில் அவ்வட்டாரச் சாலைகளை நிறைக்கும் கம்பெனிப் பேருந்துகளில் அமர்ந்திருக்கும் இளைஞருள் பெரும்பாலோர் அந்த இரவுக்குப் பின் பிறந்தவர்கள். அவர்களுக்கு ராஜீவ் காந்தி நினைவிடம் ஒரு நிறுத்தத்தின் அடையாளம், அவ்வளவே.

அந்நினைவிடத்தை 2003 அக்டோபர் 10 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நாட்டுக்கு அர்ப்பணித்தார். குண்டு வெடித்த இடத்தைச் சூழ்ந்து, அறம், வாய்மை, நீதி, தியாகம், அமைதி போன்ற விழுமியங்களைக் குறிக்கும் ஏழு தூண்கள் நிற்கின்றன. ஆரவாரமில்லாத, அழகிய அமைப்பு. ஆயினும் விழுமியங்களுக்குத் தூண் எழுப்புவது வேறு. நிகழ்ந்ததை விளங்கிக்கொள்வது வேறு. அண்டைத் தீவின் போர் எந்த வழியாக இந்தத் திடலுக்கு வந்து சேர்ந்தது என்பதைத் தூண்கள் சொல்லமாட்டா. அவ்விரவில் ராஜீவுடன் மாண்டவர்களுள் காவல் கண்காணிப்பாளர் முகம்மது இக்பாலும் ஒருவர். ராஜீவுக்குக் கவிதை சொல்லிக்காட்டிய பள்ளிச் சிறுமி மற்றொருவர். இவர்களை நினைவுகூரும் தமிழ் எழுத்து மிகக் குறைவு.

தூண்கள் விட்ட இடத்தை நம் அரசியல் சொற்பொழிவு ஓர் உவமையால் நிரப்பியது. ஈழத்தைப் பற்றிப் பேசுவோர் அயர்லாந்தை எடுத்துக்காட்டுவது தமிழ்நாட்டு மேடைகளிலும் சிற்றிதழ்களிலும் நெடுங்கால வழக்கு. அவ்வழக்குக்கு வேர் ஆழமானது. 1916 இல் அன்னி பெசன்ட் சென்னையில் தொடங்கிய ஹோம் ரூல் இயக்கத்தின் பெயரே ஐரிஷ் அரசியலிலிருந்து வந்தது. டப்ளினில் சட்டம் பயின்ற வி. வி. கிரி அவ்வாண்டு அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். 1930 ஏப்ரல் 18 அன்று சிட்டகாங் படைக்கலச் சாலையைத் தாக்கிய வங்க இளைஞர்கள், டப்ளினின் ஈஸ்டர் எழுச்சியை மனத்தில் கொண்டு புனித வெள்ளி நாளையே தெரிந்தெடுத்தனர். பிற்காலத்தில் இந்த உவமை ஈழத்தின்மீது பொருத்தப்பட்டது. 1981 இல் 66 நாள் உண்ணாநோன்பிருந்து சிறையில் இறந்த பாபி சாண்ட்ஸ் ஒருபுறம். 1987 செப்டம்பரில் நல்லூரில் நீரும் அருந்தாமல் 12 ஆம் நாள் உயிர்நீத்த திலீபன் மறுபுறம்.

இந்த ஒப்புமையை முற்றாகத் தள்ளுவதற்கில்லை. வடஅயர்லாந்தில் கத்தோலிக்கருக்கு வீட்டு ஒதுக்கீட்டிலும் வேலையிலும் வாக்குரிமையிலும் இழைக்கப்பட்ட பாகுபாடும், இலங்கையில் 1956 இன் தனிச்சிங்களச் சட்டம் தொடங்கித் தமிழருக்கு நேர்ந்தவையும் ஒரே இலக்கணத்தில் எழுதப்பட்டவை. அமைதிவழி உரிமைப் போராட்டம் தடியடிக்கு உள்ளானதும், அடுத்த தலைமுறை துப்பாக்கியை நாடியதும் இரண்டிலும் உண்டு. 1979 ஆகஸ்டில் மவுண்ட்பேட்டன் பயணம் செய்த படகு குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டபோது அவருடன் சிறுவர் இருவரும் இறந்தனர். ஸ்ரீபெரும்புதூரை அறிந்தவர்க்கு இச்செய்தி அந்நியமாகத் தோன்றாது.

கொலைக்குப் பின் நிகழ்ந்தவற்றில்தான் இரண்டு வரலாறுகளும் பிரிகின்றன. 1998 ஏப்ரல் 10 அன்று ஏற்பட்ட புனித வெள்ளி உடன்படிக்கையின்படி, போர்நிறுத்தம் ஏற்ற இயக்கங்களைச் சேர்ந்த கைதிகள் 400க்கும் மேற்பட்டோர் ஈராண்டுகளுக்குள் விடுவிக்கப்பட்டனர். கொல்லப்பட்டோரின் குடும்பங்களுக்கு அது கசப்பாகவே இருந்தது. ஆனால் அக்கசப்பு மக்களின் முன் வைக்கப்பட்டு, வாக்கெடுப்பில் ஏற்கப்பட்டது. 2012 இல் ஐ.ஆர்.ஏ.வின் முன்னாள் தளபதி மார்ட்டின் மக்கின்னஸின் கையை எலிசபெத் அரசி குலுக்கியது அந்த உடன்பாட்டின் தொடர்ச்சி. இங்கோ 2008 மார்ச்சில் பிரியங்கா காந்தி வேலூர்ச் சிறையில் நளினியைச் சந்தித்தது ஒரு மகளின் தனித்துயரமாகவே முடிந்தது. அதைச் சுமந்து செல்ல அரசியல் ஏதும் இருக்கவில்லை. 1998 இல் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 1999 இல் உச்ச நீதிமன்றம் அவர்களுள் நால்வருக்கு மட்டும் அதனை உறுதிசெய்தது; நிகழ்ந்தது தடாச் சட்டத்தின் கீழ்வரும் பயங்கரவாதக் குற்றமன்று என்றும் கூறியது. 2018 இல் தமிழக அமைச்சரவை எழுவரையும் விடுவிக்கப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஆளுநரிடம் தேங்கியது. இறுதியில் 2022 இல், மே மாதம் பேரறிவாளனையும் நவம்பரில் எஞ்சிய அறுவரையும் உச்ச நீதிமன்றமே விடுவித்தது. பேரறிவாளனை முதலமைச்சர் ஆரத்தழுவினார், அவருடைய கூட்டணிக் கட்சியான காங்கிரஸ் வாயில் வெள்ளைத்துணி கட்டிப் போராடியது, கூட்டணி தொடர்ந்தது. மூன்று பத்தாண்டுகளின் துயரம் சட்ட நுணுக்கத்தால் தீர்க்கப்பட்டது. சமாதானத்தால் அன்று.

இவ்விடத்தில் நம் வாசகர் மற்றொன்றையும் எண்ணுவர். 2021 நவம்பரில், அண்ணா பிறந்தநாளையொட்டி ஆயுள் கைதிகளை முன்கூட்டியே விடுவிப்பதற்குத் தமிழக அரசு பிறப்பித்த ஆணை, மதமோதல் வழக்குகளில் தண்டனை பெற்றோரை விலக்கி வைத்தது. இருபதாண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த முஸ்லிம்கள் பலர் அதனால் வெளிவர இயலவில்லை. பின்னர் நீதிபதி ஆதிநாதன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது வேறு செய்தி. எழுவரின் விடுதலைக்கு அயர்லாந்தை மேற்கோள் காட்டியவர்களுள் எத்தனை பேர் அதே மேற்கோளை இவர்களுக்கும் நீட்டினர்? புனித வெள்ளி உடன்படிக்கை கைதிகளைச் சமூகம் பார்த்துப் பிரிக்கவில்லை. இரு தரப்பினரையும் விடுவித்தது.

உவமையின் பெருங்குறை இதனினும் ஆழமானது. ஐரிஷ் வரலாற்றின் முடிச்சு ஆங்கிலேயருக்கும் ஐரிஷ்காரருக்கும் இடையில் மட்டும் இருக்கவில்லை. முழுத் தீவிலும் சிறுபான்மையராயிருந்த புராட்டஸ்டண்டினர், கத்தோலிக்கப் பெரும்பான்மையின்கீழ் வாழ அஞ்சினர். அவ்வச்சத்துக்கு விடையாக 1920 ஆம் ஆண்டின் சட்டம் ஆறு கவுண்டிகளைப் பிரித்துக் கொடுத்தது. பிரித்த கணத்திலேயே, மூன்றில் ஒரு பங்கு கத்தோலிக்கர் அப்புதிய எல்லைக்குள் சிறுபான்மையாயினர். நேற்றுவரை அஞ்சியவர் இன்று அச்சுறுத்துபவராயினர். அவ்வாண்டு ஜூலையில் பெல்பாஸ்டின் கப்பல் கட்டும் தளங்களிலிருந்து ஆயிரக்கணக்கான கத்தோலிக்கத் தொழிலாளர் அடித்து விரட்டப்பட்டனர். டைட்டானிக்கைக் கட்டிய ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் அவற்றுள் ஒன்று. பாகுபாட்டை எதிர்த்துத் தோழமை காட்டிய புராட்டஸ்டண்ட் தொழிலாளரும் உடன் விரட்டப்பட்டனர்.

இப்போது 1990 ஐ நோக்குவோம். ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் இஷா தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்டோபரில் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை அக்டோபர் 30 அன்று உஸ்மானியாக் கல்லூரித் திடலில் கூட்டி, இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டு நீங்குமாறு கட்டளையிட்டனர். நகைகளும் பணமும் வழியில் பறிக்கப்பட்டன. வெளியேற்றப்பட்டவர்கள் தமிழ் பேசியவர்கள், தமிழில் கற்றவர்கள், சோனகத் தெருவின் தலைமுறைகள் யாழ்ப்பாணத்தையன்றி வேறு ஊரை அறியாதவர்கள். புத்தளத்தின் ஓலைக்கொட்டில்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது.

இங்கே உவமை தலைகீழாகிறது. தமிழ் மேடைகள் தமிழரைப் பெல்பாஸ்டின் கத்தோலிக்கர் இடத்தில் நிறுத்திப் பழகிவிட்டன. 1956 ஐயும் 1983 ஐயும் பொறுத்தவரை அது சரியே. 1990 அக்டோபரைப் பொறுத்தவரை அவ்விடத்தில் நிற்பவர் முஸ்லிம்கள். விரட்டியவரின் இடத்தில் நிற்பது விடுதலை பேசிய இயக்கம். இதனை மறைத்துவிட்டு அயர்லாந்தைப் பேசுவது, பாதிக் கண்ணாடியில் முகம் பார்ப்பதாகும்.

அரசியல் உடன்பாடுகளும் இம்மறதியைத் தொடர்ந்தன. 1987 ஆம் ஆண்டு ராஜீவும் ஜெயவர்த்தனாவும் கையொப்பமிட்டபோது, வடக்கும் கிழக்கும் இணைக்கப்படுவது பற்றிக் கிழக்கின் முஸ்லிம்களுடைய கருத்து கேட்கப்படவில்லை. 2002 பிப்ரவரிப் போர்நிறுத்த உடன்பாட்டில் அரசும் புலிகளுமே தரப்பினர். பேச்சுவார்த்தையில் ரவூப் ஹக்கீம் அமர்ந்தது அரசுக் குழுவின் உறுப்பினராக; முஸ்லிம்களுக்கெனத் தனிப் பிரதிநிதித்துவம் கோரப்பட்டும் கிட்டவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் கிளிநொச்சிச் செய்தியாளர் கூட்டத்தில் அன்டன் பாலசிங்கம் வெளியேற்றத்தை அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார். தவறு என்பது கணக்குப் பிழைக்கும் பொருந்தும் சொல். 2006 இல் மக்கின்னஸ் இலங்கைக்கே வந்து புலிகளின் தலைவர்களைச் சந்தித்தார். அயர்லாந்திலும் இக்குறை முற்றிலும் நீங்கியதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். வடஅயர்லாந்துப் பேரவையில் உறுப்பினர்கள் தம்மை ஒன்றியவாதி, தேசியவாதி, மற்றவர் என்று பதிந்துகொள்கின்றனர். இரு சமூக ஒப்புதல் வேண்டப்படும் தீர்மானங்களில் 'மற்றவர்' வாக்கு அந்த ஒப்புதலைக் கணிக்கும்போது சேராது. 2024 பிப்ரவரியில் சின் ஃபெய்னின் மிஷெல் ஓ'நீல் முதலமைச்சரானது பெரிய மாற்றம்; 'மற்றவர்' நிலையில் மாற்றமில்லை. தீவின் முஸ்லிம்களுக்கு இந்தச் சொல் நன்கு விளங்கும்.

இவ்வாறு எழுதுவது ஈழத்தமிழரின் துயரைக் குறைப்பதாகுமோ என்னும் தயக்கம் தமிழக முஸ்லிம்களிடம் உண்டு. முள்ளிவாய்க்காலில் 2009 இல் நிகழ்ந்ததை யாரும் எதனைக் கொண்டும் சமன்செய்ய முடியாது. கிழக்கில் முஸ்லிம் ஊர்க்காவல் படையினர் தமிழ்க் கிராமங்களில் செய்த கொலைகளையும் நாம் மறைக்கலாகாது. தமக்கே எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு திருமறை பணித்திருப்பது நம்மையும் கட்டும். வெளியேற்றத்தை முதலில் கண்டித்துப் பதிவு செய்தவர்களுள் யாழ்ப்பாணத் தமிழரே இருந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. ரஜினி திரணகம 1989 இல் கொல்லப்பட்ட பின்னும், அவர் உருவாக்கத்தில் பங்கேற்ற மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பு அப்பணியைக் கைவிடவில்லை. பெல்பாஸ்டில் கத்தோலிக்கருடன் சேர்த்து விரட்டப்பட்ட புராட்டஸ்டண்டுத் தொழிலாளருக்கு ஈடானவர்கள் அவர்கள். உவமை வேண்டுமெனில் இவ்வுவமையையும் சொல்லலாம்.

ஸ்ரீபெரும்புதூருக்குத் திரும்புவோம். அயர்லாந்திலிருந்து நம் மேடைகள் ஒருபோதும் எடுத்துவராத ஒன்று உண்டு. கப்பல் தளத்தின் வாயிலில் பிறந்த சட்டம். 1976 இல் வடஅயர்லாந்தில் வேலையில் மதப் பாகுபாடு தடைசெய்யப்பட்டது. தடையால் மட்டும் பயன் விளையவில்லை. 1984 இல் ஷான் மக்பிரைட் பெயரால் வகுக்கப்பட்ட நெறிகளைக் காட்டி, அமெரிக்க மாநிலங்களின் ஓய்வூதிய நிதியங்கள் அங்கு முதலீடு செய்த நிறுவனங்களை நெருக்கின. 1989 ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணிக்காட்டுமாறு கட்டளையிட்டது. இன்று பதினொருவருக்குக் குறையாமல் பணியாற்றும் தனியார் நிறுவனம் ஒவ்வொன்றும் தன் பணியாளருள் கத்தோலிக்கர் எத்தனை பேர், புராட்டஸ்டண்டினர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். மூன்றாண்டுக்கொருமுறை தன் பணியமர்த்தும் முறையை மீளாய்வு செய்ய வேண்டும். வீரர்களின் சுவரோவியங்களை நாடிப் பெல்பாஸ்டுக்குச் செல்லும் பயணிகள் இந்தப் படிவங்களைப் படமெடுப்பதில்லை.

2006 நவம்பரில் சச்சார் குழு சம வாய்ப்பு ஆணையம் வேண்டுமென்று பரிந்துரைத்தது. 2007 இல் தமிழக அரசு முஸ்லிம்களுக்கு வழங்கிய 3.5 விழுக்காட்டு ஒதுக்கீடு கல்விக்கும் அரசுப் பணிக்கும் உரியது. இருங்காட்டுக்கோட்டையின் வாயிலைத் தாண்டாது. 2024 இல் இவ்வட்டாரத்தின் ஓர் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்னும் செய்தி வெளியானதும், மத்திய அரசு மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. அக்கேள்வியைக் கேட்கவாவது ஒரு சட்டம் இருந்தது. ஒரகடத்தின் ஆலைகளில் முஸ்லிம்கள் எத்தனை பேர், தலித்துகள் எத்தனை பேர், நிலையான பணியில் எத்தனை பேர், ஒப்பந்தத்தில் எத்தனை பேர் என்று கேட்கும் படிவம் எதுவும் சட்டத்தில் இல்லை. பெல்பாஸ்டில் அப்படிவத்தை அரசு கேட்பதற்குள், கப்பல் தளத்திலிருந்து அவர்கள் விரட்டப்பட்டு 69 ஆண்டுகள் கடந்திருந்தன.