அவுகுஸ்டேயின் பதில்கள்

1901 நவம்பரில் பிராங்க்பர்ட் மனநோய் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 51 வயது அவுகுஸ்டே டீட்டரை மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் விசாரிக்கிறார். பெயர்? அவுகுஸ்டே. குடும்பப் பெயர்? அவுகுஸ்டே. கணவர் பெயர்? அதுவும் அவுகுஸ்டே என்றுதான் நினைக்கிறாள். காலிபிளவரும் பன்றிக்கறியும் தின்றுகொண்டே கீரை என்கிறாள். எல்லாம் கோப்பில் ஏறுகிறது. 1906 ஏப்ரலில் அவள் இறக்க, அவளது மூளையை ஆராய்ந்து அதே ஆண்டு நவம்பரில் ட்யூபிங்கனில் உரையாற்றுகிறார் அல்சைமர். 1910இல் கிரேப்லின் தன் பாடநூலில் நோய்க்கு மருத்துவரின் பெயரைச் சூட்டிவிட்டார். தன் குடும்பப் பெயரைச் சொல்ல முடியாமல் போனவள், மருத்துவ வரலாற்றில் 'அவுகுஸ்டே டி' ஆனாள்.

தொலைந்துபோய் 1995இல் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கோப்பை ஒரு பிரதியாக வாசிக்கலாம். கேட்கும் உரிமை ஒருவருக்கு மட்டுமே. மற்றவருக்குச் சரி, தப்பு என்ற இரண்டே இடங்கள். 'உன் கணவர்?' என்று அவர் மறுபடி கேட்கும்போது, 'ஓ, என் கணவரா' என்கிறாள் அவுகுஸ்டே. கேள்வி புரியாதவள்போல் இருக்கிறாள் என்று குறிக்கிறார் மருத்துவர். கேள்வி அப்போதுதான் அவளிடம் வந்து சேர்ந்தது என்றும் அந்த இடத்தை வாசிக்க முடியும். தாமதமாக வந்து சேர்வதைப் பதிவுசெய்யத் தேர்வுத்தாளில் கட்டம் கிடையாது.

இந்தத் தேர்வு மருத்துவமனையோடு முடிகிறதா என்ன? வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் நடத்துகிறோம்: 'என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லு பாப்போம்.' நாலு பேர் முன்னால் தினமும் தோற்கிறவர் பேசுவதையே விட்டுவிடுகிறார். அதையும் நோயின் கணக்கில் எழுதிவிடுகிறோம். சுற்றியிருப்பவர்களின் நடத்தையே ஒருவரின் ஆளுமையைச் சிதைக்கும் என்று டாம் கிட்வுட் 1997இல் எழுதினார். 'மறதி நோய்' என்ற நம் சொல்லும் இதற்குத் துணைபோகிறது. வார்த்தை வாய்வரை வந்து நின்றுபோவது, வாக்கியத்தின் பாதியில் இழை அறுவது, இரண்டு பேர் சேர்ந்து பேசினால் பின்தொடர முடியாதது – எதுவும் அந்தச் சொல்லுக்குள் அடங்காது. புத்திகெட்டவர் என்று பொருள்தரும் பழைய சொல்லை ஜப்பானிய அரசு 2004இல் கைவிட்டு 'அறிதிறன் நோய்' என்ற பொருளில் ஒரு சொல்லைக் கொண்டுவந்தது. நாம் இன்னும் அந்த விவாதத்தையே தொடங்கவில்லை.

இதைச் சொல்லும்போதே நம் வட்டத்தையும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. சிதைந்த மொழியை அதிகாரத்துக்கு எதிரான கலகம் என்று கொண்டாடுவது நமக்குச் சுலபம். அவுகுஸ்டேயின் மூளையில் அல்சைமர் கண்ட புரதப் படிவுகளும் நார்ச்சிக்கல்களும் சொல்லாடல் அல்ல. 'தண்ணி' என்ற சொல்லைத் தேடுகிறவருக்குத் தாகம் எடுக்கிறது, அவ்வளவுதான்.

செய்யக்கூடியவை சின்ன விஷயங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. பதிலுக்குக் காத்திருப்பது. 'நான் செல்வி வந்திருக்கேன் பெரியம்மா' என்று நம் பெயரை நாமே முதலில் சொல்லிவிடுவது. ஆனால் பகல் முழுக்க, ராத்திரி முழுக்க அப்படிக் காத்திருப்பது யார்? பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். கூலியில்லாத இந்த உழைப்பைக் கணக்கில் எடுக்காமல் கேட்டலின் அறம் பற்றி நாம் எழுதும் கட்டுரைகள் இன்னொரு கோப்பாகத்தான் மிஞ்சும்.