ஒரு சிம்மாசனமும் இரண்டு அரசாங்கங்களும்

பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு மங்கோலியப் புல்வெளிகளிலிருந்து எழுந்து, மஞ்சூரியாவையும் வடசீனத்தின் ஒரு பகுதியையும் ஒருங்கே கட்டியாண்ட கிதானியரின் லியாவ் சாம்ராஜ்யத்தைப் பற்றி எழுதுவோர், அவர்களுடைய குதிரைப்படையின் பராக்கிரமத்திலேயே பெரும்பாலும் மனத்தைப் பறிகொடுத்துவிடுகின்றனர். புல்வெளியில் தோன்றிய குதிரைப்படைகளோ பல. அவற்றுள் பெரும்பாலானவை வந்த வேகத்திலேயே கலைந்தும் போயின. கிதானியர் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைபெற்றதற்கு அவர்கள் வகுத்த இரட்டை ஆட்சிமுறையே காரணம் என்பதும், அவர்களுடைய வீழ்ச்சியிலும் அதே முறைக்கு ஒரு பங்கு உண்டு என்பதும் என் அபிப்பிராயம்.

யேலூ குலத்தில் பிறந்த ஆபாவ்ஜி 907-ஆம் ஆண்டில் தன் மக்களின் தலைமையை அடைந்து, 916-இல் சக்கரவர்த்தியாகப் பிரகடனம் செய்துகொண்டு, 926-இல் பொஹாய் ராஜ்யத்தை வென்ற கையோடு காலமானான். அவனுடைய மகன் தேகுவாங், சீனத்தில் ஒருவனைச் சிம்மாசனத்தில் ஏற்றிவிட்டதற்குக் கைம்மாறாக, இன்றைய பெய்ஜிங் உள்ளிட்ட பதினாறு மாவட்டங்களைப் பெற்றான். 947-இல் கைஃபெங் நகரையே பிடித்தான். ஆயினும் சில மாதங்களுக்கு மேல் அங்கே இருப்புக்கொள்ளாமல் வடக்கே திரும்புகையில் வழியிலேயே மாண்டான்; குடலை நீக்கி உப்பிட்டு அவன் உடலைத் தாயகத்துக்குக் கொண்டு சென்றார்கள். கூடாரத்தில் இருந்துகொண்டு உழவர் நாட்டை ஆள முடியவில்லை. கூடாரத்தைக் கைவிட்டாலோ படைபலம் போய்விடும்.

இந்த இக்கட்டுக்கு அவர்கள் கண்ட பரிகாரம், மேய்ச்சல் குடிகளைக் கிதானிய வழக்கப்படி பரிபாலிக்க வட அரசாங்கம் ஒன்றையும், சீனக் குடிகளைச் சீனச் சட்டப்படி பரிபாலிக்கத் தென் அரசாங்கம் ஒன்றையும் நிறுவியதுதான். தாய்மகாராணியும் வடபகுதி அதிகாரிகளும் கிதானிய உடையிலும், சக்கரவர்த்தியும் தென்பகுதி அதிகாரிகளும் சீன உடையிலும் சபையில் தோன்றினர் என்று லியாவ் வரலாறு கூறுகிறது. அரசியல் சித்தாந்தம் ஒன்றை உடையிலேயே காட்டிய சபை இது. காலப்போக்கில் ஐந்து தலைநகரங்கள் எழுந்தும் சக்கரவர்த்தி எதிலும் நிலையாகத் தங்கவில்லை. வசந்தத்தில் உறைந்த நதியை உடைத்து மீன் பிடித்தும், ராஜாளியை ஏவி அன்னங்களை வேட்டையாடியும், இலையுதிர்காலத்தில் மான்களைத் தேடியும், குளிர்காலத்தில் இருபுறத்து மந்திரிகளையும் கூட்டி ராஜ்ய காரியங்களை ஆராய்ந்தும், ‘நாபோ’ எனப்பட்ட பாசறைகளிலேயே அவன் ஆண்டைக் கழித்தான். இரண்டு அரசாங்கங்களும் உண்மையில் சந்தித்த இடம் இந்தப் பாசறைதான்.

இம்முறையின் நற்பயனைச் செங்தியான் மகாராணியின் காலத்தில் காண்கிறோம். கிதானியன் சீனனைக் கொன்றால் மாடும் குதிரையும் கொடுத்துத் தப்பலாம், சீனன் கிதானியனைக் கொன்றால் உயிர் போகும் என்றிருந்த அநீதியை நீக்கியவள் அவளே. 1005-ஆம் ஆண்டில் சீனத்தின் சோங் அரசோடு சான்யுவானில் அவள் செய்துகொண்ட உடன்படிக்கையினால், ஆண்டுக்கு ஒரு லட்சம் தேல் வெள்ளியும் இரண்டு லட்சம் சுருள் பட்டும் லியாவுக்குக் கிடைத்தன. அதைவிடப் பெரியது, ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்த சமாதானம். அந்த அமைதியின் நிழலில் 1056-இல் யிங்ஷியானில் எழுந்த பௌத்த மரக்கோபுரம், ஏறத்தாழ 67 மீட்டர் உயரத்தோடு இன்றும் நிற்கிறது. நாகரிகமற்றோர் என்று கிதானியரை ஒதுக்கும் பண்டிதர்கள் அதை ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாம்.

இனிக் குறைகளைப் பார்ப்போம். குடிகளைப் பிரித்துக் காக்கும் ஏற்பாடு, அவர்களைப் பிரித்தே வைக்கும் ஏற்பாடாகவும் ஆயிற்று. அரசாங்கத் தேர்வுகள் சீனருக்கே உரியவை. மகனை அத்தேர்வு எழுதவிட்ட ஒரு கிதானியத் தந்தைக்கு இருநூறு கசையடி கிடைத்தது. இதனினும் பெரிய குறை, இரண்டு வகைகளுக்குள்ளும் சரியாக அடங்காதவர்களை என்ன செய்வது என்பதற்கு இந்த முறையில் விடை இல்லாமையாகும். உழவரே ஆயினும் தனி மரபுடைய பொஹாய் மக்கள்மீது, தெற்கே நடைமுறையிலிருந்த வரித்திட்டத்தைச் சுமத்தியதும், 1029-இல் லியாவ்யாங் நகரம் கலகத்தில் எழுந்தது. கிழக்கே வாழ்ந்த ஜுர்ச்சென் மக்களைப் பதிவேட்டில் ஏறியவர், ஏறாதவர் என்று பிரித்து, ஏறாதவர்களிடம் வேட்டை ராஜாளிகளைத் திறையாகக் கறந்ததோடு லியாவ் திருப்தியடைந்தது. அவர்களுடைய மனக்குறையைக் கேட்க வட அரசாங்கமும் இல்லை, தென் அரசாங்கமும் இல்லை. 1112-இல், வசந்தத்தின் முதல் மீனைக் கொண்டாடும் விருந்தில், தன்முன் ஆடும்படி சக்கரவர்த்தி தியான்ஜுவோ ஆணையிட, மற்றத் தலைவர்கள் ஆடினர், ஜுர்ச்சென் தலைவன் ஆகுடா மறுத்துவிட்டான். இரண்டு ஆண்டுகளில் அவன் படையெடுத்தான். 1125-இல் தியான்ஜுவோ சிறைப்பட்டான். அரச குடும்பத்தின் உட்பகையும், லியாவை முதுகில் குத்திய சோங் அரசின் பேராசையும் இதற்குத் துணை செய்தன என்பதை மறுப்பதற்கில்லை.

இடிபாட்டிலிருந்து தப்பி மேற்கே சென்று, 1141-இல் கத்வான் போரில் செல்ஜுக் சுல்தான் சஞ்சாரை முறியடித்த யேலூ தாஷி, கிதானிய, சீன எழுத்துகள் இரண்டிலும் வல்லவன். முன்னொரு காலத்தில் கசையடிக்குக் காரணமான அந்தத் தேர்விலேயே 1115-இல் தேறியவன். மத்திய ஆசியாவில் அவன் நிறுவிய மேற்கு லியாவும் உள்ளூர் முஸ்லிம் அரசர்களை அவரவர் வழக்கப்படி ஆளவிட்டே நிலைத்தது. பின்னாளில் அதைச் சூழ்ச்சியால் கைப்பற்றிய நைமானியன் குச்லுக், முஸ்லிம்களை மதம் மாறும்படி வற்புறுத்தினான். 1218-இல் மங்கோலியர் வந்தபோது அவனுக்காக வாளெடுக்க அந்த முஸ்லிம்கள் முன்வரவில்லை.