இடம் கிடைத்த பின்

இடஒதுக்கீட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை விலக்கிவிட்டு எழுத இயலாது. 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கம் நடத்திய ஒரு வாரச் சாலை மறியலில் துப்பாக்கிக் குண்டுகளுக்குப் பலர் இரையாயினர். 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு தனியே வகுக்கப்பட்டது. முஸ்லிம்களுக்கோ, பிற்படுத்தப்பட்டோருக்குரிய 30 விழுக்காட்டினுள் 3.5 விழுக்காடு 2007-இல் பிரித்தளிக்கப்பட்டது.

இவை பெரும்பேறு என்பதை மறுப்பார் இலர். விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும், திண்டிவனம் ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் எத்தனையோ சிற்றூர்ப் பிள்ளைகளுக்குக் கல்வியின் தலைவாயிலாயின. ஆயினும் நாம் பேசுவதெல்லாம் சேர்ந்தோரின் எண்ணிக்கையையே. முடித்து வெளிவந்தோரின் எண்ணிக்கையை எத்தனை பேர் கேட்கிறோம்?

ஒதுக்கீட்டில் வந்த மாணவன் தாழ்வு மனப்பான்மையால் வாடுகிறான், ஆகவே ஒதுக்கீடே தீங்கு என வாதிடுவோர் உளர். இவ்வாதம் நோயை விட்டு மருந்தைப் பழிப்பதாகும். அவனை வாட்டுவது கிடைத்த இடமன்று. இடம் கொடுத்த பின் தனியே விடப்படுவதே. தமிழ்வழியில் பயின்றவன் முதலாண்டிலேயே ஆங்கிலப் பாடநூலின் முன் திகைக்கிறான். ஐயம் கேட்க வீட்டில் கல்லூரி கண்டவர் இலர். பெயரையும் உடையையும் வைத்து எழும் ஏளனத்தை எவரிடம் முறையிடுவது? ஒவ்வொரு கல்லூரியிலும் சமவாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டைத் தடுக்கும் அலுவலரும் வேண்டுமெனப் பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் விதி செய்தது. அந்த அலுவலர் இன்னாரென மாணவன் அறியாவிடில் விதி ஏட்டுச் சுரைக்காயே.

அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. பேருந்துக் கட்டணமும் நூலின் விலையும் படிப்பைத் தடுக்கும் இல்லங்களில் இத்தொகை சிறிதன்று. ஆனால் பணம் தடையை நீக்கும், துணையாகாது.

குறை கல்லூரியினுடையது மட்டுமன்று. இரண்டாம் ஆண்டில் மகனைக் கடைக்கு அழைப்பதும், இறுதித் தேர்வுக்கு முன்பே மகளுக்கு மணநாள் குறிப்பதும் நம் இல்லங்களில் நிகழவில்லையா? போராடிப் பெற்ற இடத்தை நாமே காலி செய்துவிட்டு எவரை நோவது?

சேர்ந்தோர் எத்தனை பேர், முடித்தோர் எத்தனை பேர் எனப் பிரிவுவாரியாக ஆண்டுதோறும் வெளியிடுமாறு கல்லூரிகளைக் கேட்போம். அக்கணக்கை நம் தெருவிலும் எடுப்போம். 3.5 விழுக்காட்டின் உண்மையான மதிப்பு சேர்க்கைப் பட்டியலில் இல்லை. பட்டமளிப்பு நாளன்றே அது தெரியவரும்.