காற்கூறும் முக்காற்கூறும்: நன்னூற் பாயிரமும் பல்கலைக்கழகக் கற்பித்தலும்

பல்கலைக்கழக ஆசிரியரின் கற்பித்தற்றிறனை வளர்த்தல் பற்றிய சிந்தனை இன்று இலங்கையின் உயர்கல்வித் துறையில் வேரூன்றியுள்ளது. புதிதாக நியமனம் பெறும் விரிவுரையாளருக்குப் பயிற்சி நெறிகள் நடத்தப்படுகின்றன. அவற்றிற்கு அடிப்படையான கோட்பாடுகள் பெரும்பாலும் மேனாட்டினின்று பெறப்பட்டவை. இந்நிலையில், இதே பொருளைத் தமிழில் ஆராயும் நன்னூற் பொதுப்பாயிரத்தை மீளவும் நோக்குதல் பயனுடைத்து. பவணந்தி முனிவரின் 13ஆம் நூற்றாண்டு நூலாகிய நன்னூல், ஆறுமுக நாவலரின் காண்டிகையுரை வழியாக ஈழத்துத் தமிழ்க் கல்வியில் நிலைபெற்றது. எனினும் அதன் பாயிரத்தை மனனஞ் செய்தோர் பலர். கற்பித்தல் பற்றிய கோட்பாடாக அதனை வாசித்தோர் சிலரே.

ஆசிரியராதற்குத் தகாதோரைப் பாயிரம் நான்கு உவமைகளாற் சுட்டுகின்றது. கழற்சிக்காய் பெய்த குடம், இட்ட ஒழுங்கிலன்றி நேர்ந்தவாறு காய்களை உதிர்க்கும். கருக்கு மட்டை நிறைந்த பனை, தானே விழும் பழத்தைத் தருமன்றி ஏறிப் பறிக்கவிடாது. பஞ்சடைத்த குடுக்கை வருந்திக் கொண்டு வருந்திக் கொடுக்கும். வளைந்த தென்னை, வளர்த்தவனை விடுத்து அயலானுக்குக் காய் தரும். இவற்றை இன்றைய வகுப்பறையில் இனங்காணுதல் அரிதன்று. ஒழுங்கற்ற பாடத்திட்டம் முதலாவது. வினாவுக்கு இடந்தராத விரிவுரை இரண்டாவது.

இவ்வுவமைகளினும் ஆழமானது கற்கும் முறை பற்றிய பகுதி. ஆசிரியர் உரைத்தது முழுவதையும் மாணவன் நன்கு உட்கொண்டாலும் அவன் பெறுவது புலமையின் காற்கூறே என்கின்றது பாயிரம். உடன் பயில்வோரொடு கூடிப் பயில்வதால் மற்றொரு காற்கூறு வரும். எஞ்சிய அரைக்கூறு, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வனே எடுத்துரைப்பதால் வரும். ஆசிரியரின் பெருமையை இத்துணை விரித்துரைக்கும் நூல், அவர்தம் சொல்லின் எல்லையை இவ்வளவு கண்டிப்பாக வரையறுப்பது குறிப்பிடத்தக்கது.

2012இல் வெளியான இலங்கைத் தகைமைக் கட்டமைப்பு, ஒரு கிரெடிட்டை 50 மணித்தியாலக் கற்றலாகக் கணிக்கின்றது. விரிவுரைப் பாடமாயின் அவற்றுள் விரிவுரைக்குரியவை 15 மணித்தியாலங்களே. பாயிரத்தின் காற்கூற்றுக்கும் இக்கணக்குக்கும் இடைவெளி சிறிது. ஆனால் நமது கவனம் அந்த 15 மணித்தியாலங்களிலேயே குவிந்து கிடக்கின்றது. குரல், காட்சித் துணைகள், நேர முகாமை என்பன பயிற்றப்படுகின்றன. எஞ்சிய 35 மணித்தியாலங்களோ பல பாடத்திட்டங்களில் 'சுயகற்றல்' என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடுகின்றன. கற்றற் பேறு, கற்றற் செயற்பாடு, மதிப்பீடு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இசைந்திருத்தல் வேண்டும் என ஜோன் பிக்ஸ் 1996இல் வலியுறுத்தினார். எடுத்துரைக்கும் ஆற்றலைப் பேறாக எழுதிவைத்து, குறிப்பேட்டை ஒப்புவிக்கும் வினாக்களைத் தேர்வில் இடுவோமாயின், மாணவர் தேர்வையே பின்பற்றுவர். இதற்கு அவரைக் குறைகூறுதல் நியாயமன்று.

பாயிரத்தை அவ்வாறே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது இதன் பொருளன்று. அது ஆசிரியர்க்கு உயர்குலப் பிறப்பை வேண்டுகின்றது. நோயுற்றோரையும் மந்த மதியினரையும் மாணாக்கராக ஏற்க மறுக்கின்றது. இலவசக் கல்வியின் வழிவந்த பல்கலைக்கழகத்திற்கு இவை பொருந்தா. மேலும், குடமும் பனையும் தம் இயல்பை மாற்றிக்கொள்ள இயலாதன. தகாத ஆசிரியன் திருந்தக்கூடும் என்ற எண்ணம் அவ்வுவமைகளில் இல்லை. ஆசிரிய விருத்தி என்ற கருத்தோ, கற்பித்தல் கற்றுக்கொள்ளத்தக்க தொழில் என்ற நம்பிக்கையிலேயே நிலைகொண்டுள்ளது. இவ்விடத்தில் நவீன சிந்தனை பாயிரத்தைக் கடந்து செல்கின்றது.

ஆயினும் முக்காற்கூறு பற்றிய உண்மையில் பாயிரமே நமக்கு முன்னிற்கின்றது. விரிவுரையாளரைச் சிறந்த பேச்சாளராக்கும் பயிற்சி, காற்கூற்றை மட்டுமே செப்பனிடும். மாணவர் கூடி ஆராயவும், தாம் விளங்கிக்கொண்டதைப் பிறர்க்கு விளக்கவும், அவ்விளக்கத்திற்கே புள்ளி பெறவும் வழிசெய்யும் பாடத்திட்டத்தை ஆக்கப் பயிற்றுவதே எஞ்சிய கூறுகளைத் தொடும். ஆசிரியர் பயிற்சி நெறி ஒவ்வொன்றும் இவ்வளவுகோலால் மதிப்பிடப்படுதல் வேண்டும்.