சுண்டிப் பார்ப்பவர்கள்

விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் வாங்கப் போகிறவர்கள் கண்ணை மட்டும் நம்புவதில்லை. கோப்பையோ ஊறுகாய் ஜாடியோ, ஒரு கையில் ஏந்தி மறுகை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் சரக்கு தேறும். சொத்தென்று கேட்டால் உள்ளே எங்கோ கீறல். நெய்வேலிச் சுரங்கத்து வெள்ளைக் களிமண்ணில் செய்து, சூளையில் வெந்து, மேலே பளபளவென்று பூச்சு ஏறிய பண்டம் கண்ணை ஏமாற்றும், காதை ஏமாற்றாது. பக்கத்து நல்லூர்க்காரனான எனக்கு இது சிறுவயதிலிருந்து பழகிய காட்சி. சுண்டுகிறவரைக் கடைக்காரர் முறைத்ததாக நினைவில்லை. கீறலைக் காட்டினால் அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு வேறொன்றைத் தருவார், அவ்வளவுதான்.

கணினியில் இதே வேலையைச் செய்கிறவர்களுக்கு அந்த மரியாதை இன்னும் எல்லா இடத்திலும் கிடைத்துவிடவில்லை.

தகவல் பாதுகாப்புத் துறை என்று மொத்தமாகச் சொன்னாலும் அதற்குள் பல ரகம் உண்டு. வங்கியில் இரவு ஷிப்டில் எச்சரிக்கைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் ஒருவர், தணிக்கைப் படிவங்களைச் சரிபார்ப்பவர் இன்னொருவர். இங்கே நான் பேசுவது மென்பொருளில் ஓட்டை தேடுகிறவர்களைப் பற்றி, அதிலும் அவர்கள் எழுதுவதைப் பற்றி. ஓட்டையைக் கண்டதும் சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கு 'ரிப்போர்ட் போடுவார்கள்'. வேறொருவர் முந்திக்கொண்டிருந்தால் 'டூப்ளிகேட் ஆயிடுச்சு' என்று தலையில் கைவைப்பார்கள். ரிப்போர்ட் ஏற்கப்பட்டு, ஓட்டை அடைக்கப்பட்டு, 'பவுண்ட்டி' என்கிற பரிசுப் பணமும் வந்த பிறகு 'ரைட்-அப்' எழுதுவார்கள். எப்படிக் கண்டேன், எங்கே சறுக்கினேன், எந்த இடத்தில் பொறி தட்டியது என்று தன்மையில் சொல்லிக்கொண்டு போகும் கட்டுரை அது. பட்டம், சான்றிதழ்களைவிட இந்தக் கூட்டத்தில் அதற்குத்தான் மதிப்பு. இலக்கியப் பத்திரிகையில் இதற்கென்ன வேலை என்று கேட்கலாம். தொழில் அனுபவத்தைத் தொழில்காரரே எழுதி, சக தொழில்காரர்கள் படித்து, அதன்மேல் ஏறி நின்று அடுத்தவர் எழுதும் ஓர் எழுத்துமுறை வளர்ந்திருக்கிறது. தமிழர்கள் அதில் பெயர் எடுத்திருக்கிறார்கள். தமிழில் மட்டும் அது கிட்டத்தட்ட இல்லை.

சென்னையைச் சேர்ந்த லட்சுமண் முத்தையா 2019 ஜூலையில் வெளியிட்ட ஒன்றை எடுத்துக்கொள்வோம். இன்ஸ்டாகிராமில் கடவுச்சொல்லை மறந்தவருக்குக் கைபேசியில் ஆறு இலக்க எண் வரும். பத்து நிமிஷத்துக்குள் அதைப் பதிய வேண்டும். ஆறு இலக்கம் என்றால் மொத்தம் 10 லட்சம் எண்கள். எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தால் ஒன்று பொருந்தித்தானே ஆகவேண்டும்? ஆனால் விடமாட்டார்கள், அளவுக்கு மீறித் தட்டினால் கதவு சாத்திக்கொள்ளும். முத்தையா ஆயிரம் எண்களை அனுப்பினார். 250 உள்ளே போயின, 750 திருப்பி அனுப்பப்பட்டன. நானாக இருந்தால் அந்த 750ஐப் பார்த்துவிட்டு, காவல் பலமாகத்தான் இருக்கிறது என்று கிளம்பியிருப்பேன். அவர் 250ஐப் பார்த்தார். இத்தனை எப்படி நுழைந்தன? ஒரே நேரத்தில், பல இணைய முகவரிகளிலிருந்து சேர்ந்து தட்டினால் காவலாளிக்குக் கணக்குத் தப்புகிறது. 1,000 முகவரிகளிலிருந்து 2 லட்சம் எண்களை அனுப்பிக் காட்டினார். அப்படியானால் 10 லட்சத்துக்கு 5,000 முகவரிகள் போதும். கணினிகளை வாடகைக்கு எடுத்தால் ஏறக்குறைய 150 டாலர் ஆகும் என்று செலவுக் கணக்கும் எழுதினார். இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான பேஸ்புக் அவருக்குக் கொடுத்தது 30,000 டாலர்.

அடுத்த மாதமே கடவுச்சொல் மீட்கும் அதே வழியில் இன்னோர் ஓட்டை கண்டார், 10,000 டாலர். 2021 மார்ச்சில் மைக்ரோசாப்ட் கதை வெளிவந்தது. அங்கே ஏழு இலக்கம், ஆயிரத்தில் 122தான் நுழைந்தன, பரிசு 50,000 டாலர். செய்தித்தாள்கள் டாலரைத் தலைப்பில் போட்டன, அவை அப்படித்தான் போடும். எனக்கு அந்த 250தான் கட்டுரையின் உயிர். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது புரியும்.

இவருக்கு முன்னால் 2013இல், 21 வயது அருள்குமார். தமிழ்நாட்டைச் சேர்ந்த பொறியியல் இளைஞர். பேஸ்புக்கில் யாருடைய படத்தையும் அவருக்குத் தெரியாமலே நீக்க முடியும் என்று எழுதிப் போட்டார். நிறுவனத்தில் இருந்தவர் முயன்று பார்த்து, என்னால் முடியவில்லையே என்று பதில் எழுதினார். அருள்குமார் செய்முறையை வீடியோவாக எடுத்து அனுப்பினார். அதில் சோதனைக்கு எடுத்துக்கொண்டது மார்க் சக்கர்பெர்க்கின் படம். கடைசிப் படி வரை போய், நீக்காமல் நிறுத்திக்கொண்டார். 12,500 டாலர் வந்தது. தெளிவாகச் சொல்லத் தெரியாவிட்டால் கண்டதற்குப் பயனில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எல்லாமே இந்தத் தரம் என்று சொல்லமாட்டேன். 2014இல் பேஸ்புக் ஏற்றுக்கொண்ட பிழைகளில் இந்தியாவிலிருந்து போனவை 196, எந்த நாட்டையும்விட அதிகம். சராசரிப் பரிசு 1,343 டாலர். அமெரிக்காவிலிருந்து போனவை 61தான், ஆனால் சராசரி 2,470 டாலர். ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு நூறு பேர் அதே மாதிரி ஓட்டையைத் தேடிப் போவது இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ரைட்-அப் பாடமாவதும் உண்டு, நோட்ஸ் ஆவதும் உண்டு. பரிசுத் தொகையை முதல் வரியிலேயே அறிவித்துவிட்டு விஷயத்தை மூன்று வரியில் முடிக்கிறவர்கள் ஏராளம். ஒன்றுமில்லாத குறையை அனுப்பிவிட்டுப் பணம் கேட்கிறவர்களுக்கு 'பெக் பவுண்ட்டி' என்று துறைக்குள்ளேயே கேலிப் பெயர் இருக்கிறது.

ஓட்டையை ஊரறியச் சொல்லலாமா என்ற சண்டை கணினிக்கு முந்தையது. லண்டனில் பிராமா என்ற பூட்டுக் கம்பெனி, இதைத் திறப்பவருக்கு 200 கினி என்று எழுதிய பூட்டு ஒன்றைக் கடைக் கண்ணாடிக்குள் பல பத்தாண்டுகள் வைத்திருந்தது. 1851இல் உலகப் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டுக்காரர் ஹாப்ஸ், 16 நாட்களில் 51 மணி நேரம் செலவழித்து அதைத் திறந்துவிட்டார். திருடனுக்குப் பாடம் எடுக்கிறாரே என்று எழுந்த கூச்சலுக்கு, திருடனுக்கு இதெல்லாம் முன்பே தெரியும், தெரியாதவர் வீட்டுக்காரர்தான் என்று அவர் தரப்பு பதில் சொன்னது. இன்றைக்கும் இரண்டு தரப்பும் அதற்குமேல் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. முதலில் நிறுவனத்திடம் சொல், அடைக்க அவகாசம் கொடு, பிறகு எழுது என்று ஒரு நடைமுறைதான் இடையில் உருவானது.

நம் நாட்டில் அந்த நடைமுறைக்குச் சட்டத்தின் துணை அரைகுறைதான். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவதற்கு இழப்பீடு கேட்கிறது. அதையே நேர்மையற்ற அல்லது மோசடியான எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு சோதித்தவருக்கு என்று தனி விலக்கு அதில் எழுதப்படவில்லை. எண்ணம் எப்படிப்பட்டது என்பதை வழக்கு வந்த பிறகுதான் நிரூபிக்க வேண்டும். கணினிப் பாதுகாப்புச் சிக்கல்களைக் கவனிக்க 2004இல் தொடங்கிய செர்ட்-இன் என்ற அரசு அமைப்பிடம் முறையாகத் தெரிவிக்கலாம் என்பது ஓர் ஆறுதல். 2021இல் தாம்பரத்துப் பள்ளி மாணவர் ஒருவர், ரயில் டிக்கெட் எடுத்தபோது எண்ணை மாற்றினால் அடுத்தவர் டிக்கெட் விவரம் தெரிவதைக் கண்டு அங்கே எழுதினார். ஐந்தே நாளில் ஓட்டை அடைக்கப்பட்டது. 17 வயது.

கூடங்குளத்தில் கதை வேறு மாதிரிப் போனது. 2019 அக்டோபர் 28 அன்று அணுமின் நிலையத்துக்குள் கிருமிநிரல் புகுந்த தடயம் பற்றி இணையப் பாதுகாப்பு வட்டாரத்தில் பேச்சு கிளம்பியது. தனக்கு இது முன்பே தெரியவந்து அரசுக்குத் தெரிவித்துவிட்டதாக இணையப் பாதுகாப்பு ஆய்வாளர் புக்ராஜ் சிங் ட்விட்டரில் எழுதினார். மறுநாள் நிலைய நிர்வாகம் அப்படித் தாக்குதலே நடக்க வழியில்லை என்றது. அதற்கு மறுநாள், அக்டோபர் 30, இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த கணினி ஒன்றில் கிருமிநிரல் இருந்தது, அதைப் பற்றிச் செர்ட்-இன் செப்டம்பர் 4 அன்றே சொல்லியிருந்தது. அணு உலையை இயக்கும் கணினிகளுக்குப் பாதிப்பில்லை என்ற விளக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பக்கத்து ஊர் இடிந்தகரைக்காரர் இந்தச் செய்தியை எட்டு வாரம் கழித்து, யாரோ ஆங்கிலத்தில் எழுதிய குறும்பதிவின் வழியே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்பதை எப்படி ஏற்பது?

ஓட்டை தேடும் இந்தக் கூட்டத்துக்கு இந்தியாவில் நெடுநாளாக ஒரு கூடாரம் உண்டு. பெயர் 'நல்'. வெறுமை, ஒன்றுமில்லை என்று பொருள்படும் கணினிச் சொல். (தமிழ்க் காதில் அது நல்லதாகவே விழுகிறது. எங்கள் ஊர்ப் பெயரே அதில்தான் தொடங்குகிறது.) 2010இல் கோவாவில் 'நல்கான்' மாநாட்டைத் தொடங்கியவர்கள் இவர்கள்தான். சென்னை உட்படப் பல நகரங்களில் கூடுகிறார்கள், நுழைவுக் கட்டணம் கிடையாது.

தமிழில் என்ன இருக்கிறது? 'ஓடிபியைச் சொல்லாதீர்கள்', 'பணத்தை இழந்தால் 1930க்கு அழையுங்கள்' என்ற எச்சரிக்கைகள் நிறைய இருக்கின்றன. அவை வேண்டியவைதான். ஆனால் ஏன், எப்படி என்ற விளக்கம் அவற்றில் இருக்காது. கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுத முடியுமா என்று கேட்டவர்களுக்கு 2012 முதல் வந்த 'கணியம்' இதழ் பதில் சொன்னது. பாதுகாப்புத் துறைக்கு அப்படி ஒன்று அமையவில்லை. சொல் இல்லை என்பது சாக்கு. ஹேக்கருக்குக் 'கொந்தர்' என்ற சொல் கணித்தமிழ் வட்டாரத்தில் புழங்குகிறது. பறவை பழத்தைக் கொந்துவதிலிருந்து வந்தது. எனக்குப் பிடித்த சொல். பிடிக்காதவர் ஹேக்கர் என்றே எழுதட்டும், ஓட்டையை ஓட்டை என்றால் யாருக்குப் புரியாது?

நம் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் 17ஆம் பாடம் கணினி நன்னெறியும் பாதுகாப்பும். 18ஆம் பாடம் தமிழும் கணினியும். இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன, ஒன்றோடொன்று பேசவில்லை. நல்லூர் ஒன்றியத்தில் அந்தப் புத்தகத்தைத் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அவர்களுக்குப் பைத்தானும் சொல்லித்தரப்படுகிறது. ஆயிரத்தில் 250 நுழைந்த கதையை அவர்களுக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை. பரிசு வாங்கியவர்களே, நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் எழுதுங்கள், அது தொழில். ஓட்டை அடைபட்ட பிறகு ஒருமுறை தமிழிலும் எழுதுங்கள். பத்துப் பக்கம் வேண்டாம், இரண்டு பக்கம் போதும். எங்கே சறுக்கினீர்கள் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.