தோல் வேலையின் சம்பிரதாயங்களும் தர நிர்ணயமும்

பொழுதுபோக்காகத் தோல் வேலை பழக விரும்புவோர் முதலில் கருவிகளைப் பற்றியே விசாரிக்கிறார்கள். எந்தக் கத்தி நல்லது, எத்தனை முத்திரைகள் வேண்டும், நூல் எந்த ஊரில் கிடைக்கும் என்ற கேள்விகளே அவர்களை நிரம்பவும் அலைக்கழிக்கின்றன. ஆனால் இக்கலையில் தேசந்தோறும் வளர்ந்துள்ள சம்பிரதாயங்களைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பவர்க்கு, அவற்றுள் ஒவ்வொன்றும் ஒருவகைத் தோலை ஆதாரமாகக் கொண்டு, அத்தோலின் ஒரு குணத்தையே தன் அழகுக்கு மூலதனமாக்கிக்கொண்டது என்பது விளங்கும்; கருவிகளெல்லாம் அதன் பின்னர் வந்து சேர்ந்தவையே.

பதனிடும் முறைகளில் பிரதானமானவை இரண்டு. மரப்பட்டையும் காயும் தரும் துவர்ப்புச் சாரத்தில் வாரக்கணக்கில் ஊறவைப்பது பழைய முறை; குரோமிய உப்பைக் கொண்டு விரைவில் முடிப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழிற்சாலைகளைப் பற்றிக்கொண்ட புதிய முறை. சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்டு, எண்ணெய் பூசி, கடுக்காய்ச் சாரத்தில் நிறம் தெளிவித்து அனுப்பப்பட்ட ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரால் இங்கிலாந்தின் சந்தைகளில் பிரசித்தி பெற்றிருந்தன. ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1904-இல் இம்மாகாணத்துத் தோல் தொழிலைக் குறித்துத் தனி நூலே எழுதினார். 1948-இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னை அடையாற்றில் அமைந்தது. பதனிட்ட கைகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, பதனிட்ட சரக்கை மட்டும் கப்பலேற்றிப் பெருமை கொண்டாடிய நம் சமூகத்தின் நடத்தையை இவ்விடத்தில் சொல்லாமல் போவது நியாயமாகாது.

பட்டையில் பதனிட்ட தோலுக்கு ஒரு விசேஷம் உண்டு: ஈரத்தில் அழுத்திய தடம் உலர்ந்த பிறகும் அதில் நிலைத்து நிற்கும். குரோம் தோல் மிருதுவானது, நீரையும் வெப்பத்தையும் தாங்குவது. எனினும் அழுத்திய இடம் மீண்டும் எழும்பிவிடுமாதலால் சித்திர வேலைக்கு உதவாது. அமெரிக்காவின் மேற்குப் பிரதேசத்தில் குதிரைச் சேணங்களில் பூவேலை செய்தவர்கள் வளர்த்த செதுக்கு மரபு, பட்டைத்தோலின் இந்தக் குணத்தையே முழுவதும் நம்பி நிற்பது. வயோமிங் மாநிலத்துச் சிற்றூராகிய ஷெரிடனில் டான் கிங் முதலிய சேணக் கலைஞர்கள் வகுத்த பாணியில், கொடிகள் வட்டமாகச் சுழன்று பூவை நடுவில் ஏந்த, இலைகள் நெருங்கி வெற்றிடத்தை நிரப்பும். பழைய கலிஃபோர்னியப் பாணியிலோ பூக்கள் பெரியவை, அவற்றைச் சுற்றி மூச்சு விட இடமும் உண்டு. எனக்குப் பின்னதே பிடித்தம். கற்பவர் கைக்கும் அதுவே எளிது.

இம்மரபில் புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் ஈரத்தில்தான். தோலை நன்கு நனைத்தபின், மேற்பரப்பு ஏறக்குறைய உலர்ந்த நிறத்துக்குத் திரும்பியும், தொட்டால் குளிர்ச்சி மாறாமல் இருக்கும் பதம் வரும் வரையில் பொறுத்திருக்க வேண்டும். சுழல்கத்தியால் தோலின் பாதிக் கனத்துக்கு மேல் போகாமல் கோட்டை வெட்டி, அவ்வெட்டின் ஒரு புறத்தை மட்டும் முத்திரையால் தட்டித் தாழ்த்தினால், மறுபுறம் தானாக மேலெழுந்தது போன்ற தோற்றம் உண்டாகும். ஈரத்தோலில் வெறும் இரும்பு பட்டால், துவர்ப்புச் சாரமும் இரும்பும் கூடிக் கருநீலக் கறை படியும். ஆகையால்தான் முத்திரைகளுக்கு மேற்பூச்சு இடுகிறார்கள்.

இங்கிலாந்தின் சேண மரபுக்கு அலங்காரத்தில் அத்தனை ஆசை இல்லை. அதன் தலைமைப் பீடமான வால்சால் நகரத்தில், உள்ளூர்ப் பந்தாட்டச் சங்கத்துக்கே சேணக்காரர் என்ற செல்லப்பெயர் வழங்குகிறது என்றால் அத்தொழில் அங்கே பெற்ற இடம் விளங்கும். அம்மரபின் உயிர் தையலில் இருக்கிறது. தேன்மெழுகு தேய்த்த ஒரே நூலின் இரு நுனிகளிலும் ஊசி கோத்து, குத்தூசி இட்ட ஒவ்வொரு துளையிலும் இரு ஊசிகளையும் எதிரெதிராகச் செலுத்தி இழுப்பதே சேணத் தையல். இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கவ்வி நிற்பதால், ஓரிடத்தில் அறுந்தால் வரிசையே தளர்ந்து அவிழத் தொடங்கும். சேணத் தையலில் ஓர் இழை தேய்ந்து அற்றாலும் மற்றது துளைதோறும் பிடித்துக்கொள்ளும். தைக்கும் நீளத்தைப் போல் நான்கு மடங்கு நூல் எடுத்துக்கொள்வது பொது வழக்கம். எந்த ஊசி முன்னே நுழைகிறது, நூல் எப்பக்கம் விழுகிறது என்ற ஒழுங்கைத் தையல்தோறும் மாறாமல் காத்தாலன்றிச் சாய்வு சீராக வராது. ஆகவே இம்மரபில் தேர்ந்தவர்கள் பொருளைக் கையில் வாங்கியதும் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள். முன்புறத்தை யாரும் ஒருவாறு ஒப்பேற்றிவிடலாம்.

நம் தேசத்தில் இக்கலை படித்தவர்களின் இல்லங்களில் புகுந்ததற்கு, ரவீந்திரநாத தாகூரின் குமாரர் ரதீந்திரநாதரும் அவர் மனைவி பிரதிமா தேவியும் சாந்திநிகேதனை அடுத்த ஸ்ரீநிகேதனில் தொடங்கிய பயிற்சியே முக்கிய காரணம். சாந்திநிகேதனப் பைகளில் கோலம் போன்ற அல்பனா உருவங்களை ஈரத்தில் அழுத்தி எழுப்பி, வர்ணம் தீட்டி, ஓரத்தை மெல்லிய தோல்வாரால் பின்னிக் கட்டுவார்கள். இதற்கு வேண்டுவது கனமற்ற செம்மறித் தோலும் வெள்ளாட்டுத் தோலும். அவை சென்னைப் பக்கத்திலிருந்து வங்காளம் சென்ற அதே ஈஸ்ட் இந்தியா தோலே. கோலாப்பூர்ச் செருப்போ ஆணியின்றித் தோல்வாராலேயே தைக்கப்படுவது. 2019-இல் அதற்குக் கிடைத்த புவிசார் குறியீடு மகாராஷ்டிரம், கர்நாடகம் என்னும் இரு மாநிலங்களுக்கும் பொதுவானது.

சம்பிரதாயம் எதுவாயினும் பரீட்சகர் கண் கடைசியில் சென்று தங்குவது ஓரத்தில். ஓரத்தின் முனையைச் சீவி, சற்று நனைத்து, எலும்பு அல்லது மரக்கட்டையால் சூடேறத் தேய்த்து, மெழுகிட்டு மீண்டும் தேய்த்தால், ஒட்டிய இரு தோல்களின் நடுக்கோடு மறைந்து ஒரே தோலாகப் பளபளக்கும். பட்டைத்தோல்தான் இதற்கு இணங்கும். குரோம் தோலின் ஓரத்தைச் சாயம் பூசியோ மடித்தோதான் மறைக்க வேண்டும்.

ஆதலால் சென்னைப் பெரியமேட்டில் முதல் தோலை வாங்கப் போகிறவர், விலை பேசுமுன் ஒரு மூலையை நறுக்கி வெட்டுவாயைப் பார்க்கட்டும். நடுவில் நீலச் சாயல் தெரிந்தால் அது குரோம். சாயம் உள்வரை ஊறியிருந்து தெரியாமற்போனால், ஒரு சொட்டு நீரை இட்டு, அது உள்ளே இறங்கியதும் நகத்தால் ஒரு கோடு கீறி, கோடு நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுக்கலாம்.